காற்றில்லாத நாள்

கிரேனின் அளவுகளைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரில் இருந்த எண்களை விசாரணை அதிகாரியிடம் வாசித்துக் காட்டினேன். கிரேன் கவிழ்ந்தபோது காற்றின் வேகம் பூஜ்ஜியம்.

"அப்போ காத்து மேல பழி போட முடியாது. கிரேன் ஓட்டுன பொண்ணு மேலதான் தப்பு. செத்தவ வந்து மறுத்துப் பேசவா போறா? ரிப்போர்ட்ல கையெழுத்தப் போடுங்க தம்பி," என்று பேனாவை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "முந்தின நாள் சாயங்காலத்துலேருந்தே பூஜ்ஜியம்தான் சார்."

"அதெப்படி?"

"சர்வீஸ் பண்ணும்போது காற்றுமானியோட கிண்ணங்க சுத்தாம இருக்க டேப் ஒட்டுவோம். அதைப் பிரிக்கல. அடிச்ச காத்து அவளுக்கு மீட்டர்ல தெரியவே இல்ல. பூஜ்ஜியத்தை நம்பித்தான் பாரத்தைத் தூக்கினா."

அதிகாரி மேசையில் ஓங்கித் தட்டினார். "பிரிக்காம விட்ட மடையன் யாருய்யா?"

"அவ புருஷன்," என்றேன். "நான்தான் சார்."