ஐந்தாவது வரி

“இருபத்திரண்டு வருஷமா பஸ் ஓட்டுறவர். ஒரு கோழிக்குஞ்சுகூட அடிபட்டதில்லை. அவருக்குக் கண்ணு சரியில்லைன்னு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

பணிமனை மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும், உட்காராமலேயே கேட்டாள் ஓட்டுநரின் மனைவி. துணைக்கு வந்த அவளுடைய தம்பி கதவருகே நின்றான்.

“நல்லா கேளுக்கா!”

மருத்துவர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உட்காருங்கம்மா. போன மாசம் இருமல் மருந்துக்கு வந்தப்போ, இதே நாற்காலியில ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தீங்களே?”

“இருமல் எப்பவோ போயிடுச்சு. பேச்சை மாத்தாதீங்க.”

எதிர்ச்சுவரில் கண் பரிசோதனைப் பலகை தொங்கியது. மேலே உள்ளங்கை அளவில் ஓர் எழுத்து. கீழே, ஐந்தாவது வரியில் எறும்பளவு எழுத்துகள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“ஸ்டியரிங் பிடிச்ச மனுஷர், இப்போ ஷெட்டுல டயருக்கு நம்பர் போடுறார். தெருவுல தலைகாட்ட முடியலை.”

“மாமாவை ‘டயர் மாமா’ன்னு கூப்பிடுறாங்க டாக்டர்,” என்றான் தம்பி.

“முதல்ல கூப்பிட்டதே நீதானேடா! வாயை மூடு.”

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “வீட்டுல என்ன சொன்னார்?”

“‘டாக்டர் தேறலைன்னு எழுதிட்டாங்க’ன்னார். அதோட சரி. உங்களுக்கு வேண்டிய யாருக்கோ அந்த வண்டியைக் கொடுக்கத்தானே இந்த வேலை?”

மருத்துவர் ஒரு கோப்பை எடுத்து அவள் முன் விரித்தார். ‘தேர்ச்சி’ என்ற முத்திரை; அதன் குறுக்கே ஒரு கோடு.

“தேறினார்னுதான் முதல்ல எழுதினேன். அஞ்சாவது வரியைக் கண்ணாடி இல்லாம என்னாலேயே படிக்க முடியாது. அவர் ஒரே மூச்சுல சொல்லிட்டார்.”

“அப்புறம் என்ன?”

“பத்து நிமிஷத்துல திரும்பி வந்தார். ‘வேற பலகையை மாட்டிக் கேளுங்க டாக்டர்’னார். மாட்டினேன். ரெண்டாவது வரியைத் தாண்டலை. ‘மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். இப்போ வண்டியில ஏறி உட்கார்ந்தா, சாவி போடக் கை வரலை. அறுபது பேர் என் கண்ணை நம்பித்தானே பின்னாடி தூங்கிட்டு வர்றாங்க’ன்னார்.”

அவள் மெல்ல நாற்காலியில் அமர்ந்தாள்.

“‘வீட்டுல உங்க பேரைச் சொல்லிக்கட்டுமா’ன்னும் கேட்டார். சரின்னேன். நீங்க இவ்வளவு சத்தமா வருவீங்கன்னு எதிர்பார்க்கலை.”

தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. “கடையில வாங்க வேண்டிய நாலு சாமானே மாமாவுக்கு ஞாபகம் இருக்காது. இத்தனை எழுத்தை எப்படி மனப்பாடம் பண்ணினாராம்?”

“இதை வச்சுத்தான்.” கோப்பின் கடைசியில் செருகியிருந்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார் மருத்துவர். “யார் எழுதிக் கொடுத்ததுன்னு கேட்டேன். ‘நானேதான் டாக்டர், வேற யாரும் இல்லை’ன்னார்.”

தாளில் ஐந்து வரிகள் இருந்தன.

தம்பி எட்டிப் பார்ப்பதற்குள், அவள் சட்டென்று அதைக் கவிழ்த்து வைத்தாள். அக்காவின் கையெழுத்து அவனுக்கு நன்றாகத் தெரியும்.