எழிலரசியின் அளவு

பச்சைக் கண்ணாடி வளையல் தேவகிருபையின் கட்டைவிரல் மூட்டிலேயே நின்றுவிடுகிறது. ஆம்பூர் பஜாரின் சாயங்கால வெயில் கடைக்குள் சரிந்து, தொங்குகிற வளையல் சரங்களை எல்லாம் பற்றவைத்திருக்கிறது. ஷூ கம்பெனி விட்டு வந்த பெண்கள் தோல் வாசனையோடு நெருக்குகிறார்கள். “ரெண்டு நாலு சைஸுன்னு நீதானம்மா கேட்ட? உன் கைக்கு ரெண்டு எட்டு வேணுமே,” என்கிறார் கடைக்கார ஹலீமா பீ. அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. வாய் தவறிக் கேட்டது எழிலரசியின் அளவை. மூன்று வருஷமாக எழுதிய நாவலின் நாயகி, ஒல்லிக் கைக்காரி. இன்று காலைதான் அவளைக் கடைசிப் பக்கத்தில் வாலாஜாபேட்டை பஸ்ஸில் ஏற்றி, புருஷன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பேனாவை மூடினாள் தேவகிருபை. அதற்குப் பிறகு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. “பொண்ணுக்கா?” வளையலை மெல்ல உருவியபடி கேட்கிறார் ஹலீமா பீ. “ஆமா. கட்டிக் குடுத்துட்டேன். இன்னிக்குதான் போனா.” “அப்ப ஒரு டஜனா எடுத்துக்கோ. வர்றப்ப போட்டு வுடு.” காகிதத்தில் வளையல்கள் கிணுகிணுத்து அடங்குகின்றன. எழிலரசி இனி இந்த ஊருக்கு வரவே மாட்டாள் என்று கடைசி வரியில் எழுதிய அதே கையை நீட்டி, பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறாள்.