எத்தனை லிட்டர்?

"சார், நீங்க பின்னாடி உட்கார்ந்துக்கறீங்களா?"

அவன் பின்னால் ஏறினான்.

ஸ்டியரிங்கில் அவன் மனைவி பூங்கோதை. அவள் பக்கத்தில் ஷோரூம் பெண் அக்ஷரா.

கால் நீட்ட இடம் தாராளமாக இருந்தது. இருந்தும் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

முதலில் ஓட்டிப் பார்த்தது இரண்டு லிட்டர் என்ஜின். நான்கு சிலிண்டர். "நல்லா இருக்குங்க" என்றாள் கோதை. அவ்வளவுதான்.

இது மூன்று லிட்டர். ஆறு சிலிண்டர். அதே கார், அதே கறுப்பு. என்ஜின் மட்டும் வேறு.

பைபாஸில் ஏறியதும் அக்ஷரா சொன்னாள். "இப்ப அழுத்துங்க மேடம்."

கோதை அழுத்தினாள்.

அவன் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. காருக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் எழுந்து, பிசிறில்லாமல், மேலே மேலே போனது.

கோதை சிரித்தாள்.

வாய்விட்டு. தலையைப் பின்னால் சாய்த்து.

கல்யாணமான புதிதில் இப்படிச் சிரித்திருக்கிறாளா? யோசித்துப் பார்த்தான். ஊட்டிக்குப் போனபோது? மகள் பிறந்தபோது? ஒன்றும் அகப்படவில்லை.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. அவை அவனைத் தேடவில்லை.

ஒரு காரைப் பார்த்தா வயிறு எரிகிறது? அவனுக்கே கூச்சமாக இருந்தது. எரிந்தது என்னவோ நிஜம்.

"போதும், திரும்பு. பின்னால லாரி வருது."

லாரி வெகு தொலைவில் இருந்தது.

ஷோரூமில் காபி வந்தது.

கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் அவன் என்ஜின் பாடம் நடத்துகிறான். இருபது வருடமாக.

அவள் வீட்டுக் கார் ஷெட்டில் இரண்டு தையல் மெஷின் போட்டுத் தொடங்கியவள். இன்று மூன்று மாவட்டத்துப் பிள்ளைகள் அவள் தைத்த யூனிஃபார்மில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். கல்லூரியில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் அவனை, "கோதை யூனிஃபார்ம்ஸ் இருக்குல்ல, அவங்க வீட்டுக்காரர்" என்று அறிமுகப்படுத்துகிறார்கள்.

சிரித்துக்கொண்டே கைகுலுக்குவான்.

"நீங்க சொல்லுங்க" என்றாள் கோதை. "இதெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்."

அதில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அவன் கோப்பையை வைத்தான். வகுப்பறைக் குரல் தானாக வந்தது.

"பெரிய என்ஜின்னா முன்பக்கம் எடை ஏறும். வளைவுல தெரியும். பெட்ரோலும் குடிக்கும். நம்ம ஊர் டிராஃபிக்ல மூணு லிட்டரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? ரெண்டே ஜாஸ்தி."

சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அது வசதியாக இருந்தது.

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"வேலையே இதுதானே எனக்கு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற காரை கோதை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் அக்ஷராவிடம் திரும்பினாள்.

"சின்னதே எழுதிக்கம்மா."

அன்று மதியம் அவன் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் ஆசிரியர் அறையில் தானாகவே பேச்சை எடுத்தான். "வீட்ல மூணு லிட்டர்தான் வேணும்னு நின்னா. நான்தான் ரெண்டு போதும்னுட்டேன்."

அவள் அப்படி நிற்கவே இல்லை.

வண்டி தருகிற அன்று அவனுக்குத் தேர்வு மேற்பார்வை. கோதையே போய் எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் காத்து நின்றான்.

கார் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது.

நான்கு சிலிண்டருக்கு அந்தச் சத்தம் வராது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவன் சொல்லிவிடுவான்.

ஆறு.

கார் வாசலில் வந்து நின்றது. பானட்டில் சம்பங்கி மாலை. சந்தனம், குங்குமம். கோதை இறங்கினாள். என்ஜினை அணைக்கவில்லை.

அவன் மெல்லப் பின்பக்கம் போனான். என்ஜின் அளவைச் சொல்லும் எழுத்துகள் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

"எழுத்தெல்லாம் வேண்டாம்னு எடுக்கச் சொல்லிட்டனுங்க" என்றாள் கோதை. மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவனுக்குக் காது இருப்பது அவளுக்குத் தெரியாதா?

தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறாள். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள். ஊருக்குச் சொல்ல அவனுக்கு ஒன்றை விட்டுவைத்திருக்கிறாள்.

கேட்டுவிடலாம். தொண்டைவரை வந்துவிட்டது.

அதற்குள் எதிர்வீட்டு மருதாசலம் வந்துவிட்டார். காரை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"அருமையா இருக்குதுங்க. எத்தனை லிட்டருங்க?"

கோதை மாலையிலிருந்து கையை எடுத்து அவனைப் பார்த்தாள். காரைவிட்டு இறங்கியதிலிருந்து அப்போதுதான் பார்த்தாள்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு" என்றான் அவன். "நான்தான் சொன்னேன், அது போதும்னு."

"வாத்தியார் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்." மருதாசலம் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். "ஆனா ரெண்டு லிட்டருக்கு என்னமா..."

கோதை ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு என்ஜினை அணைத்தாள்.