விலகிய கோடு

“உங்களைக் கொன்னிருப்பேன் டாக்டர். மூணாவது மாசமா இதே கதை!”

மெக்கானிக்கின் தலை விமான எஞ்சினின் மூடிக்குள் இருந்தது. குரல் மட்டும் வெளியே வந்தது.

“இப்போ என்ன ஆச்சு?” என்றார் விமானத்தின் சொந்தக்காரர். ஓய்வுபெற்ற பல் டாக்டர். இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்தச் சின்ன விமானத்தின் இறக்கை மீது உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தார்.

“மூணு நட்டு லூஸ். புகைக்குழாய் கிளாம்ப்ல ஒண்ணு, காத்துக்குழாய்ல ஒண்ணு, பிளக் வயர்ல ஒண்ணு. விரலாலேயே கழட்டிடலாம். கோடு எப்படி விலகி நிக்குது பாருங்க.”

டாக்டர் எட்டிப் பார்த்தார். “ஆமாமா.”

ஒரு நட்டை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து அடியிலுள்ள இரும்பு வரை சிவப்புப் பெயிண்டால் மெல்லிய கோடு ஒன்று இழுப்பது மெக்கானிக்கின் வழக்கம். நட்டு துளி திரும்பினாலும் கோடு இரண்டாக விலகிவிடும். டார்ச் அடித்தால் போதும், ஸ்பானர் போடாமலே தெரியும். ஓடும் எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் தடவைக்கு மேல் சுழல்கிறது. அந்த அதிர்வு, அரைகுறையாக முறுக்கிய நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடும். கோடு விலகியிருந்தால், முறுக்கிய கையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

“முப்பத்தொரு வருஷத்துல என் கோடு ஒண்ணுகூட விலகினதில்ல,” என்று மெக்கானிக் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “பலம் போயிடுச்சு. லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடப் போறேன்.”

“என்ன பேச்சு இது? உங்க கையில ஒரு குறையும் இல்ல. நான் சொல்றேன்ல?”

“பல்லு பிடுங்கினவருக்கு நட்டைப் பத்தி என்ன தெரியும்?”

“ஆடற பல்லும் ஆடற நட்டும் ஒண்ணுதான். விரலை வெச்சாப் போதும்.”

மெக்கானிக் சிரிக்கவில்லை.

“சரி, லைசென்ஸைக் குடுத்துட்டு என்ன பண்ணுவீங்க?” என்றார் டாக்டர்.

“ரூம்ல உக்காந்து ரேடியோவோட சண்டை போடுவேன். வேற யாரு இருக்கா?”

விமானத்துக்குள், வலப்பக்க இருக்கையின் மேல் ஒரு ஹெட்போன் பிளாஸ்டிக் உறையோடு தொங்கியது. டாக்டரின் மனைவியுடையது. நான்கு வருடமாக அதை யாரும் மாட்டவில்லை.

“சரி பண்ண எத்தனை நாள் ஆகும்?”

“லூஸான கிளாம்ப்போட ஓடியிருக்கு. உள்ளே இருக்கற கேஸ்கட்டை மாத்தியே ஆகணும். புதுசு வந்து சேரப் பத்து நாள்.”

“பத்து நாளா!” டாக்டர் பெருமூச்சு விட்டார்.

அவர் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் மகள் பேசினாள்.

“அப்பா, ஞாயித்துக்கிழமை வர்றேன். என்னை உக்கார வெச்சு ஒரு ரவுண்டு அடிக்கணும். நம்ம பேச்சு ஞாபகம் இருக்குல்ல? பறக்கற வரைக்கும்தான் அந்த வீட்ல தனியா. இல்லேன்னா மூட்டை கட்டிக்கிட்டு எங்களோட வந்துடணும்.”

“போன சனிக்கிழமைகூட ஒரு மணி நேரம் பறந்தேனேம்மா. இப்போ மெக்கானிக்தான் விட மாட்டேங்கறார்.”

“ஒவ்வொரு தடவையும் இதானே சொல்றீங்க? கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடறேன். அவர்கிட்டயே கேட்டுக்கறேன்.”

மெக்கானிக் மேஜைக்குப் போய் விமானத்தின் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: “காரணம்... மெக்கானிக்கின் கவனக்குறைவு.”

அடுத்த கட்டத்தில் எஞ்சின் ஓடிய நேரத்தை எழுத வேண்டும். காருக்குக் கிலோமீட்டர் மாதிரி, விமானத்துக்கு மணிக்கணக்கு. எஞ்சின் ஓடினால்தான் மீட்டர் நகரும். மெக்கானிக் விமானத்தில் ஏறி, கண்ணாடித் தூசியைத் துடைத்துவிட்டுப் படித்தார்: 1846.2.

திரும்பி வந்து புத்தகத்தைப் பார்த்தார். போன மாதம் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாக அவர் எழுதியதும் 1846.2.

ஒரு மாதமாக எஞ்சின் ஓடவே இல்லை. ஓடாத எஞ்சினில் அதிர்வு ஏது? விமானம் நிற்கும் இந்தக் கொட்டகைக்குச் சாவி இரண்டுதான். ஒன்று மெக்கானிக்கின் பையில், இன்னொன்று டாக்டரிடம்.

மெக்கானிக்கின் காது மடல் சுட்டது. மூன்று மாதமாகத் தன் கையைத் தானே வெறுத்திருக்கிறார்! எழுதிய வரியை அடித்தார். அதன் கீழே பெரிய எழுத்தில் எழுதினார்: ‘நட்டுகளைத் தளர்த்தியது டாக்டர். விமானம் பறக்கவே இல்லை.’

புத்தகத்தை அப்படியே எதிரே தள்ளினார். “படிச்சுட்டுக் கையெழுத்து போடுங்க.”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அவசரமே இல்லாமல், வரி வரியாகத் தலையை நகர்த்தினார்.

“எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. அந்தக் கவனக்குறைவுங்கறதை மட்டும் அடிச்சிடுங்க, பாவம். உங்க மேல தப்பே இல்ல.”

கையெழுத்துப் போட்டார். செல்போன் மறுபடி அடித்தது. மெக்கானிக்கே அதை எடுத்தார்.

“ஐயா, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க,” என்றாள் மகள். “கோளாறு விமானத்துலயா, அப்பாகிட்டயா?”

மெக்கானிக் புத்தகத்தைப் பார்த்தார். கோபத்தில் அதைத் திருப்பி வைக்க மறந்திருந்தார். அவ்வளவு நேரம் டாக்டர் ‘படித்தது’ தலைகீழாக இருந்த பக்கத்தை.

“விமானத்துலதாம்மா,” என்றார் மெக்கானிக். “அடுத்த மாசமும் நான் வந்து பார்க்கணும்.”