காலி டிஸ்க்

“நூறு வருஷம் ஆனாலும் ஒரு போட்டோகூட அழியக் கூடாது. அதுக்கு எந்த ஃபைல் சிஸ்டம்டா நல்லது?”

கேட்டவர் மாதேஸ்வரன். பென்னாகரத்தில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் நவநீதன் சொன்னான்: “இசட்.எஃப்.எஸ். போடலாங்கண்ணா. ஃபைல் கெட்டுப்போனா தானே கண்டுபிடிச்சி, ரெண்டாவது டிஸ்க்குல இருக்கிற காப்பிய வச்சி சரி பண்ணிக்கும். ஆனா சாதாரண விண்டோஸ் லேப்டாப்புல சொருகினா ஒண்ணும் தெரியாது. எக்ஸ்ஃபேட்னா எங்க சொருகினாலும் திறக்கும்.”

“எங்க சொருகினாலும் திறந்தா, எல்லாரும் வெளியிலயே காப்பி போட்டுக்குவாங்க. மொதல்ல சொன்னதையே போடு.”

‘மனுஷனுக்கு யாவாரத்துலயே குறி’ என்று நினைத்தபடி நவநீதன் போட்டுக் கொடுத்தான்.

அடுத்த மாதம் நவநீதன் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தபோது தீர்த்தகிரி ஆட்களோடு வந்து நின்றார். அவர் மகள் எழிலரசி, போன வாரம்தான் வேறு சாதிப் பையனைக் கோயிலில் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போயிருந்தாள்.

“எம்பொண்ணு கல்யாணத்த நீதான எடுத்த? எங்க அது?”

“எடுத்தேங்க. ஆனா டிஸ்க் போயிடுச்சுங்க. வேணும்னா நீங்களே பாருங்க.” மாதேஸ்வரன் டிஸ்க்கை எடுத்து நீட்டினார்.

நவநீதன் வாயைத் திறந்தான். மாதேஸ்வரன் அவன் காலை மிதித்தார்.

கூட வந்த ஒருவன் டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் சொருகினான். “மாமா, ஒண்ணுமே இல்ல. காலி.”

“நூறு வருஷம் வச்சிருப்பேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்ட. ஒரு வாரம் தாங்கலியே! உன்ன நம்பி இனி எவன்யா கல்யாணத்துக்குக் கூப்புடுவான்?”

டிஸ்க்கை மேசையில் வீசிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலமே பாப்பாரப்பட்டியிலிருந்து போன் வந்தது. பேசி வைத்திருந்த கல்யாண ஆர்டர் ரத்து.

நவநீதனுக்குப் பொறுக்கவில்லை. “ஏங்கண்ணா, விண்டோஸ்ல தெரியாதுனு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? பேரு கெட்டுப்போச்சே!”

“சாட்சிக்கு யார் யார் நின்னாங்கனு பாக்கத்தாண்டா வந்தாங்க. அந்தப் புள்ளைங்க இன்னும் இதே ஊர்லதான் இருக்குதுங்க.”

“அப்ப அந்த வீடியோவ அழிச்சிடுங்க. எதுக்கு வம்பு?”

மாதேஸ்வரன் டிஸ்க்கைத் துடைத்து உள்ளே வைத்தார்.

“நல்லா சொன்ன போ! தீர்த்தகிரி என்னைக்காவது பேரப்புள்ளயத் தூக்கிட்டு வந்து, ‘எம்பொண்ணு கல்யாணத்த ஒருக்கா போட்டுக் காட்டுப்பா’ம்பாரு. அப்ப அவருக்கு என்னத்தக் காட்டுறது?”