மாலை போட ஒரு பெண்

டவுன் ஹால் நிரம்பி வழிந்தது. ஆனால் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை இல்லை.

சட்டசபைத் தேர்தலில் ஜெயித்து மெட்ராசுக்குப் போகவிருக்கும் ராமாமணி அம்மாளுக்குக் கோயமுத்தூர்க்காரர்கள் பாராட்டுக் கூட்டம் போட்டிருந்தார்கள். பெண்குலத்தின் பெருமையைப் பேச ஏழெட்டுப் பேர் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். அத்தனை பேரும் மீசைக்காரர்கள். அவரவர் வீட்டுப் பெண்குலம் அவரவர் வீட்டில் பத்திரமாக அடுப்பு ஊதிக்கொண்டிருந்தது.

மாலை வந்து இறங்கும்வரை அது யாருக்கும் ஒரு குறையாகத் தோன்றவில்லை.

ஆளுயர ரோஜா மாலை. அதை ஓர் ஆண்பிள்ளை எப்படி ஒரு பெண்ணின் கழுத்தில் போடுவது? கல்யாணமா நடக்கிறது?

வரவேற்புக் கமிட்டித் தலைவர் ஈஸ்வரமூர்த்திக்கு வியர்த்துக் கொட்டியது.

"கையில குடுத்துப்போடலாமுங்க" என்றார்.

"போட்டோக்காரர் வந்து நிக்கறாருங்களே, கழுத்துல மாலை இல்லீன்னா நல்லாவா இருக்கும்?" என்றார் காரியதரிசி மைதீன் பிச்சை. "உங்க ஊட்டுக்குக் கார் அனுப்பி அம்மாவைக் கூட்டியாரச் சொல்லட்டுங்களா?"

"ஐயையோ, அவ எதுக்குங்க! அவளுக்கு மேலுக்குச் சொகமில்லீங்க. வேற யாரையாச்சும் பாருங்க."

வேறு யார் இருக்கிறார்கள்? மைதீன் பிச்சை வீட்டுப் பெண்கள் கோஷா, அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். கமிட்டியில் மற்றவர்களின் வீடுகள் காரமடையிலும் அதற்கு அப்பாலும். ஈஸ்வரமூர்த்தியின் வீடுதான் ரெண்டு தெரு தள்ளி. மைதீன் பிச்சை காரியக்காரர். மேலே ஒரு பேச்சு பேசாமல் காரை அனுப்பிவிட்டார்.

கூட்டம் நல்லபடியாக முடிந்தாக வேண்டும். சூலூரில் ஈஸ்வரமூர்த்திக்கு ஒரு பஞ்சு அரவை மில் இருந்தது. நீலகிரியில் பைக்காரா அருவியிலிருந்து எடுக்கும் கரண்டு பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வரைக்கும் வந்து நின்றுகொண்டது. அந்தத் தோட்டக்காரன் சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் கொட்டுகிறது. இவருடைய ஆயில் எஞ்சினோ காலையில் இரும ஆரம்பித்தால் மத்தியானம்வரை இருமிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. புது மெம்பர் ஒரு வார்த்தை சொன்னால் கம்பம் நாலு எட்டு நகர்ந்துவிடும். இல்லையென்றால் மில்லை இழுத்து மூட வேண்டியதுதான்.

மாலை போடப் பெண் வரும்வரை சபையைச் சும்மா உட்கார வைக்க முடியுமா? ஈஸ்வரமூர்த்தி பேச எழுந்தார்.

ராமாமணி நர்ஸாக இருந்து சேரி, பேட்டை என்று பாராமல் பிரசவம் பார்த்த நாளில், கண்டவர்களையும் தொடுகிறவள் என்று முகம் சுளித்தவர் அவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்துப் பஞ்சு தயாரிக்கும் கம்பெனி வைத்தபோது, பொட்டச்சிக்கு எதுக்குக் கம்பெனி என்று கேட்டவர். கம்பெனி பெருத்து, அவள் தேர்தலில் நின்றபோது, டெபாசிட்டே தேறாது என்று பந்தயம் கட்டியவர். இப்போது அதே வாயால், "இந்தம்மா நர்ஸா இருக்கறப்பவே நாஞ் சொன்னனுங்க, ஒரு நாளைக்கு மெட்ராசுல போயி உக்காருவாங்கன்னு! எங்க ஊட்டுல ஒருத்தராட்டமுங்க!" என்று முழங்கினார்.

ராமாமணி மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஊசி போடப்போகும் நர்ஸ் அப்படித்தான் இருப்பாள்.

வாசலில் கார் வந்து நின்றது. ஈஸ்வரமூர்த்தியின் சம்சாரம் வள்ளியாத்தாள், அவசரத்தில் சுற்றிய பட்டுச் சேலையோடு இறங்கினாள். மேலுக்கு ஒரு கேடும் இல்லை, திடமாகத்தான் படியேறி வந்தாள். மேடையில் உட்கார்ந்திருப்பது யாரென்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஈஸ்வரமூர்த்தி பேச்சைப் பாதியிலேயே முடித்துக்கொண்டார்.

மாலையை அவள் கையில் கொடுத்தார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

வள்ளியாத்தாள் மாலையைத் தூக்கவில்லை.

"ஏனுங்க நர்ஸம்மா, இத்தன வருசமா ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேனுங்க. சூலூர்ல குடியிருந்தப்ப வெள்ளனவே வண்டி அனுப்பிச்சமுங்களே, ஏனுங்க எம் புள்ள போனதுக்கப்பறம் வந்தீங்க? நேரங்கழிச்சு வந்தீங்கன்னு இவிய சொன்னாங்க."

"அம்மணி, அதெல்லாம் இப்ப என்னத்துக்கு? மாலையப் போடு, சபை காத்துக்கிட்டிருக்குது" என்றார் ஈஸ்வரமூர்த்தி. கரண்டும் கம்பமும் எக்கேடோ கெடட்டும், இந்த ஒரு பேச்சு இதோடு நின்றால் போதுமென்று இருந்தது அவருக்கு.

ராமாமணி எழுந்தாள். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வள்ளியாத்தாளின் பக்கம் திரும்பினாள்.

"நேரத்துலயே வந்துட்டனுங்க அம்மணி. நீங்க மயக்கத்துல கெடந்தீங்க. சேரியில பிரசவம் பாத்துட்டு வந்தவ, தலைக்கு ஊத்தாம உள்ள வரக்கூடாதுன்னு உங்கூட்டுக்காரர் என்னையக் கெணத்தடிக்கு அனுப்பிப்போட்டாருங்க. புள்ளையோட காலு ரெண்டும் வெளிய வந்துருச்சு, தலை மாட்டிக்கிச்சுன்னு உள்ள இருந்து கத்தினாங்க. ஈரம் தொவட்டிட்டு வான்னாருங்க."

வள்ளியாத்தாள் புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. மாலையை இரண்டு கையாலும் தூக்கி ராமாமணியின் கழுத்தில் போட்டாள்.

பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. மாலை விழுந்ததைப் பார்த்துக் கைதட்டினார்கள், ஓடு பறந்துவிடும்போல.

மேடையில் கைதட்டியவர் ஈஸ்வரமூர்த்தி ஒருவர்தான்.