புதன்கிழமைக் கதிரை

“என்ட மகள கதிரைல குந்த வைக்க நீங்க யாரு டீச்சர்?”

ஸுமைரா வகுப்புக்குள் நுழைந்த வேகத்தில் சஞ்சீவனி டீச்சர் சோக்கட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

கிரவுண்டில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பந்தோடு கத்திக்கொண்டிருந்தார்கள். வகுப்பு வாசலில் ஒரேயொரு கதிரை. அதில் ஏழு வயது ஷஹ்மா. சுற்றிலும் மற்றப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்கள். காவலுக்கு ஆள் வேண்டுமே!

பின்னாலேயே மூச்சு வாங்க வந்து சேர்ந்தான் ஸுமைராவின் கணவன் ரஸீன்.

“வா போவோம். டீச்சர்மாரோட எதுக்குச் சண்ட?”

“நீங்க சும்மா இரீங்க!”

ஷஹ்மாவுக்குப் பந்து போட்டால் கைக்கு வராது, நெஞ்சில்தான் படும். சப்பாத்து நாடா கட்ட ஒரு யுகம். சமதரையிலும் விழுவாள். அதெல்லாம் ஸுமைராவுக்குப் பெரிதில்லை. ஆனால் மூன்று மாதமாகப் பிள்ளை சிரிக்கவில்லை. புதன்கிழமை, விளையாட்டுப் பாடம் என்றால் வயிற்று வலி என்று அழுதாள். நேற்று, “உம்மா, நான் பழுதாப் போன புள்ளயா?” என்று கேட்டுவிட்டாள். அதற்குமேல் எந்தத் தாய்க்குப் பொறுக்கும்?

“கண்டி கிளினிக் டொக்டர் என்ன சென்னார் தெரியுமா? இவட கையும் காலும் சொல்றதக் கேக்க நேரமெடுக்குமாம். ஓட விடட்டுமாம், விழ விடட்டுமாம். மூலைல குந்த வச்சா மனசுதான் நோயாகுமாம்!”

“ஷஹ்மா உம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க...”

ஸுமைரா விட்டால்தானே! நேரே மகளிடம் போனாள்.

“எழும்பு மகள். ஓடு.”

“விழுவேன் உம்மா.”

“விழு. எழும்பி ஓடு. சிரிக்கிறவங்கட பல்லு அவங்கட வாய்லதான் ஈக்கி. ஒனக்கென்ன?”

ஷஹ்மா படியிறங்கிப் பத்தடி போகவில்லை, குப்புற விழுந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ரஸீன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் எழும்பி ஓடினாள். பந்து வந்து நெஞ்சில் பட்டது. விரட்டிக்கொண்டு போனாள். திரும்பவும் விழுந்தாள். வெள்ளை யூனிபோர்ம் முழுக்கச் செம்மண். மூன்றாவது தடவை விழுந்தபோது, அவளே சிரித்துவிட்டாள்.

ஸுமைராவின் கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

“பாத்தீங்களா டீச்சர்? இந்தச் சிரிப்பப் பூட்டி வச்சது நீங்கதான்!”

சஞ்சீவனி டீச்சரின் பொறுமை அத்தோடு போயிற்று. மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு கட்டுக் கடிதத்தை மேலே போட்டார்.

“புதன்கெழமைக்குப் புதன்கெழம புள்ள கொப்பியில கடிதம் வச்சு அனுப்புறது நீங்க. இப்ப சண்டைக்கு வாறதும் நீங்களா? இது என்னங்க நியாயம்?”

ஸுமைரா ஒன்றை எடுத்து வாசித்தாள்.

‘மகளுக்குக் கால் நோவு. விளையாட விட வேண்டாம். இப்படிக்கு, தாய் ஸுமைரா.’

“நான் ஒரு கடிதமும் எழுதல்ல டீச்சர்!”

கையெழுத்தும் அவளுடையதல்ல. ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும், பழக்க தோஷத்தில் குத்தப்பட்ட ஊதா நிற சீல் ஒன்று இருந்தது.

‘ஷஹ்மா ஸ்டோர்ஸ், திகன.’

கிரவுண்டுக்கு நேரெதிரே இருக்கிற கடை. ரஸீன் ஆசையாசையாக மகளின் பெயர் வைத்த கடை.

ரஸீன் தரையைப் பார்த்தான்.

“கடைல நிண்டா கிரவுண்டு தெரியிது... அவ விழக்குள்ள சாமான் வாங்க வார சனம் சிரிக்கிது. ஊர் வாய மூட ஏலுமா? புள்ளட மனசு நோகுமேண்டுதான்...”

“நொந்தது புள்ளட மனசில்ல. ஒங்கட மரியாத.”

ஸுமைரா டீச்சரின் கையைப் பிடித்து, “மாப் பண்ணிக்கொள்ளுங்க” என்றாள். கடிதங்களைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு கணவனிடம் திரும்பினாள்.

“வெக்கமா இருந்தா புதன்கெழமைல கடைய மூடுங்க. என்ட மகள் ஓடுவா.”